இரவல் துக்கம்

எங்கள் ஊரில் பெயர்த் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. உங்களுக்கு எந்தப் புனிதரின் பெயரோ, அந்தப் புனிதரின் நாளில் உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும். ஊர் தானாக வந்து சேரும். வருகிறவர்களுக்கு ஒரு கரண்டி பழப்பாகு, ஒரு குவளைத் தண்ணீர், சின்னக் கோப்பையில் திராட்சைச் சாராயம். "பல்லாண்டு வாழணும்" என்று சொல்லிக் குடித்துவிட்டு எழுந்து போவார்கள். வருஷம் முழுக்க முகம் கொடுத்துப் பேசாத பகையாளிகள்கூட அன்றைக்கு வாசல்வரை வந்து தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். போகாமல் இருப்பதுதான் குற்றம்.

இது அரெத்திக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்று அவள் வாயில் ஒரு புனிதரின் பெயர்தான் வந்தது.

எங்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்த இத்தாலியர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டுப் போய், ஜெர்மானியர்கள் மலையேறி வந்த இலையுதிர் காலம் அது. அரெத்தியின் கணவன் திமியோஸ் கோவேறு கழுதையோடு லரிசா நகரத்துக்குப் போய், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பதிலாக ஒரு நண்பனைக் கொண்டுவந்தான். பெயர் நிசிம். யூதன். அங்கே துணிக்கடை வைத்திருந்தவன். இருவரும் அல்பேனியப் போர்முனையில் ஒரே படையில் இருந்தவர்கள். பனியில் கால் விரல்கள் கருத்துக் கிடந்த திமியோஸைத் தோளில் தூக்கி மலையிறக்கியவன் நிசிம். எங்கள் ஊர்க் காபிக்கடையில் அந்தக் கதையைக் கேட்காதவர் கிடையாது. நல்லவேளை, கதை சொல்லும்போது திமியோஸ் அவனை "ஒரு பையன்" என்றே சொல்லி வந்திருந்தான்.

மாடியில் தானியம் போடும் அறையில் அவனுக்குப் படுக்கை போட்டார்கள். பகலில் கீழே வரக்கூடாது என்று ஏற்பாடு. ஆனால் நிசிம் சும்மா இருக்கத் தெரியாதவன். ஒரு நாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அக்ரூட் காய்களின் பச்சைத் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஸ்மாரோ அடுப்புக்கு நெருப்புக் கங்கு வாங்க வந்துவிட்டாள்.

"யாருடி இது?"

"என் சித்தி மகன், அக்கா. லரிசாவுலேருந்து வந்திருக்கான். அங்க சாப்பாட்டுக்கே கஷ்டமாம்."

"பேரு?"

அரெத்தியின் தாத்தா பெயர் ஸ்பிரிதோன். அவருடைய பேரன்களில் பலருக்கு அந்தப் பெயர்தான். சித்தி மகன் என்று சொன்ன வாய், யோசிக்காமல் அடுத்ததையும் சொல்லிவிட்டது.

"ஸ்பிரோஸ்."

ஸ்மாரோ அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க குடும்பத்துல வேற பேரே கிடையாதா? சந்தையில போய் ஸ்பிரோஸ்னு கத்தினா பாதி பேரு திரும்பிப் பாப்பாங்க போல" என்று சொல்லிவிட்டுக் கங்குச் சட்டியோடு போனாள்.

அன்று முதல் நிசிம், ஸ்பிரோஸ் ஆனான். அண்ணி என்று கூப்பிட்டவளை அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டான். பொய் சொன்னதற்காக அரெத்தி தன் மாடத்துப் படங்களுக்கு முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஆனால் அந்தப் பொய்யால் அவன் வெளியே வர முடிந்தது. கூரையின் கற்பலகைகளைச் சரிசெய்தான். விறகு வெட்டினான். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஜெர்மானியர்களுக்குப் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி இருந்தான். எங்கள் நாட்டுக்காரன், எங்கள் மதத்துக்காரன்; ஆனால் ஊரில் யாரும் அவனுக்கு வாய்திறந்து வணக்கம் சொல்வதில்லை. அவன் ஒருமுறை பாலத்தடியில் நிறுத்திக் கேட்டபோதும் "ஸ்பிரோஸ், அரெத்தியோட தம்பி" என்ற பதில் போதுமானதாக இருந்தது.

நிசிமுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அக்ரூட் உடைக்கும்போது, ஓடு மெல்லியதாக, பருப்பு வெள்ளையாக இருக்கும் நல்ல காய்களை ஒதுக்கி ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பான்.

"அது யாருக்கு?" என்று அரெத்தி கேட்டாள்.

"எஸ்தெரீனாவுக்கு. அவளுக்கு அக்ரூட்னா உயிர். சின்ன வயசுல என் சட்டைப்பையில கைய விட்டுத் திருடுவா."

எஸ்தெரீனா அவன் தங்கை. சலோனிக்கா நகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்த வருஷம் வசந்த காலத்தில் அங்கிருந்த யூதர்களையெல்லாம் ரயிலில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். அவளும் கணவனும் அதில் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. மலைப்பாதையில் கழுதைகளின் மணிச்சத்தம் கேட்கும் போதெல்லாம் நிசிம் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்று பார்ப்பான். யார் வந்தாலும் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்பான். பிறகு உட்காருவான். அவன் ஓர் இடத்தில் நிலையாக உட்கார்ந்து அரெத்தி பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு தொடங்கிய வாரத்தில் ஸ்மாரோவின் கணவர் ரிசோஸ் இறந்துபோனார். நெஞ்சுச் சளி. இளவட்டங்கள் மலைமேல் போராளிகளோடு போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் கிழவர்கள். தரை உறைந்து கல்லாக இருந்தது. நிசிம்தான் கடப்பாரையை எடுத்தான். காலையில் தொடங்கி, கை கொப்பளித்து, ஒருவனாகக் குழி தோண்டி முடித்தான். பூசை நடக்கும்போது கோயிலுக்குள் போகாமல், மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு குழியருகிலேயே நின்றான். சடலத்தை இறக்கி, மண்ணைத் தள்ளி, மேட்டைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வந்தான்.

அதன்பிறகு ஸ்மாரோ வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் கணவனை இழந்தவள் நாற்பது நாள் தன் வாசற்படியைத் தாண்டமாட்டாள். செத்தவருக்காக ஏற்றிய விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டு உள்ளேயே இருப்பாள். ஊர்தான் அவளுக்குக் கஞ்சியும் விறகும் கொண்டுபோய்க் கொடுக்கும்.

டிசம்பர் பிறந்து சில நாள் கழித்துத்தான் இடி விழுந்தது. திமியோஸ் காபிக்கடையிலிருந்து வந்தவன், கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றான்.

"ஞாயித்துக்கிழமை என்ன நாள் தெரியுமா?"

அரெத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கைகள் நின்றுவிட்டன. "ஐயோ... புனித ஸ்பிரிதோன்."

"கடைக்காரப் பாண்டெலிஸ் சொல்றான், 'உன் மச்சான் திருநாள் வருதே, சாராயம் மிச்சம் வச்சிருக்கியா, இல்ல பழையபடி தண்ணி கலக்கப் போறியா'ன்னு. எல்லாரும் சிரிக்கறாங்க. மூலையில அந்தத் துபாஷி உக்காந்திருக்கான். அவனும் சிரிக்கறான். 'எங்க அப்பா பேரும் ஸ்பிரோஸ்தான். எனக்கு லரிசா நல்லாத் தெரியும். நானும் வர்றேன், பேசிக்கிட்டிருக்கலாம்'ங்கறான்."

திமியோஸ் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவளிடம் திரும்பினான்.

"உலகத்துல திருநாள் இல்லாத பேரே உனக்குக் கிடைக்கலையா? பெரிக்ளிஸ்னு சொல்லியிருக்கலாம். தெமிஸ்தோக்ளிஸ்னு சொல்லியிருக்கலாம். நம்ம மதம் வர்றதுக்கு முன்னாடி இருந்த பழைய ஆளுங்க எத்தனை பேரு இருக்காங்க! ஒருத்தனுக்கும் திருநாள் கிடையாது, ஒரு பயலும் வீட்டுக்கு வரமாட்டான்!"

"நான் என்ன பஞ்சாங்கத்தப் பாத்தா பதில் சொன்னேன்? அந்தப் பொம்பள என் முகத்தப் பாத்துக்கிட்டு நிக்கறா. நீ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப? நிசிம்னே சொல்லியிருப்ப."

மாடிப்படியில் நிசிம் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

"நான் போயிடறேன்" என்றான்.

"எங்க போவ? பாலத்துல ஆள் நிக்குது, மேல பனி" என்றான் திமியோஸ். "காய்ச்சல்னு படுத்துக்க."

"காய்ச்சல்னா இன்னும் நிறையப் பேரு வருவாங்க" என்றாள் அரெத்தி. "சாமியாரு எண்ணெய் பூச வருவாரு."

நிசிம் படியிறங்கி வந்தான். "அப்ப கோயிலுக்கே போறேன். படத்துக்கு முத்தம் கொடுக்கணும், நெத்தியிலயும் தோள்லயும் கை வைக்கணும், அவ்வளவுதானே? கைதானே. ஆட்டிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்" என்றாள் அரெத்தி, வெடுக்கென்று. பிறகு தணிந்து, "அது கைய ஆட்டறது இல்ல தம்பி. நான் அத மனசோட செய்யறேன். நீ பயத்துல செஞ்சா என் சாமிக்கும் அவமானம், உன் சாமிக்கும் அவமானம். என் வீட்டுல இருந்துக்கிட்டு நீ உன் சாமியை விட்டுக்கொடுத்தேன்னு இருக்கக்கூடாது" என்றாள்.

"சாமிங்க ரெண்டும் பேசித் தீத்துக்கும்" என்று திமியோஸ் கத்தினான். "எனக்கு இவன் உசுரோட இருக்கணும்!"

யாரும் உட்காரவில்லை. திமியோஸ் முற்றத்துக்குப் போனான், வந்தான், மறுபடி போனான். மாடியில் பலகைகள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் முனகிக்கொண்டிருந்தன. அரெத்தி பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் திமியோஸ்தான் வழி கண்டுபிடித்தான். "துக்க வீட்டுல திருநாள் கிடையாது! யாராவது செத்திருந்தா வருஷம் பூரா ஒருத்தனும் வாழ்த்து சொல்ல வரமாட்டான். கையில கறுப்புத் துணியக் கட்டிக்க. யாரு கேட்டாலும்..."

அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

"யாருன்னு சொல்லணும்?" என்று நிசிம் கேட்டான்.

"யாராவது. சும்மா ஒரு பேரு."

"துக்கத்துக்கு சும்மா ஒரு பேரு கிடையாது, திமியோ. கறுப்பு கட்டினா எனக்கு யாருக்காகன்னு தெரியும். எனக்கு வேற யாரு இருக்காங்க? எங்க வழக்கத்துல செத்தவங்களுக்காக ஏழு நாள் தரையோட தரையா உக்காருவோம். வசந்த காலத்துலேருந்து நான் உக்காரல. எஸ்தெரீனா உசுரோட இருக்கா. நான் உக்காந்தா, அவள நானே புதைச்ச மாதிரி. வேணும்னா பாலத்துல போய் நான் யாருன்னு சொல்லிடறேன். இத மட்டும் செய்ய மாட்டேன்."

அவன் மாடிக்குப் போனான். சிறிது நேரத்தில் அக்ரூட் ஓடு உடையும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை மாலை அரெத்தி ஒரு சட்டி மொச்சைக் கஞ்சியோடு ஸ்மாரோவின் வீட்டுக்குப் போனாள். சன்னல்கள் சாத்தியிருந்தன. ரிசோஸின் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்மாரோ திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினாள்.

"உப்பு போட்டியா, போன தடவ மாதிரி மறந்துட்டியா?"

"போட்டிருக்கேன் அக்கா."

அரெத்தி போகாமல் நின்றாள். "அக்கா, துக்கம் இருந்தா பெயர்த் திருநாள் கிடையாதுல்ல?"

"கிடையாது. ஏன், யாரைச் சாகடிக்கப் போற?"

அரெத்திக்கு அழுகை வந்துவிட்டது. "ஒருத்தி இருக்கா. இருக்காளா இல்லையான்னு தெரியல. அவளுக்காகக் கறுப்பு கட்டினா இவன் பிழைச்சுப்பான். ஆனா கட்டினா, அவ இல்லன்னு ஆயிடும்ல அக்கா? அவன் மாட்டேங்கறான். நானும் கட்டுன்னு சொல்ல மாட்டேன்."

ஸ்மாரோ கஞ்சிச் சட்டியை வாங்கி அடுப்போரம் வைத்தாள். யார், எவன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"சரி, போ" என்றாள். "அடுப்புல எதையாவது வச்சிட்டு வந்திருப்ப. கருகிடும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அரெத்தி தனியாக நின்றாள். பூசை முடிந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கடி உன் தம்பி?"

"காய்ச்சல்."

"அடப்பாவமே, திருநாளும் அதுவுமா! அப்ப கட்டாயம் வரணுமே. நான் மூலிகைத் தேநீர் கொண்டு வர்றேன். நீ என்ன கொண்டு வர்ற?" என்று ஒருத்தி பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. சர்க்கரை கிடைக்காத காலம். அரெத்தி திராட்சைப் பாகில் கிண்டிய சீமை மாதுளையை ஆளுக்கு அரைக் கரண்டி கொடுத்தாள். காபிக்கடை பாண்டெலிஸ் கையில் ஒரு புட்டியோடு வாசலிலேயே கத்தினான்: "பல்லாண்டு வாழணும் ஸ்பிரோ! இவங்க வீட்டுச் சாராயத்த நம்பாம நானே கொண்டுவந்துட்டேன்!" நிசிம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். கம்பளிக்கு வெளியே தெரிந்த கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு பேச்சு சட்டென்று நின்றது. துபாஷி வந்திருந்தான். பின்னால், குனிந்து நிலைப்படியைத் தாண்டி, ஜெர்மானியச் சார்ஜெண்ட். வயசாளி. குளிரில் மூக்கு சிவந்திருந்தது.

துபாஷி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு நிசிமுக்கு எதிரே உட்கார்ந்தான். "பல்லாண்டு வாழணும். லரிசாவுல எந்தப் பக்கம்?"

"அகில்லியோஸ் கோயில் பக்கம். ஆத்துக்கு மேல."

"அட, எனக்குத் தெரியும். அங்க ஒரு ரொட்டிக்கடை இருக்குமே?"

"படிக்கட்டுக்குக் கீழ. குண்டு விழுந்ததுல போயிடுச்சு."

துபாஷி தலையாட்டினான். அரெத்தி மூச்சு விட்டாள். ஆனால் அவன் விடவில்லை. "காய்ச்சல்னு சொன்னாங்க. முகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியலையே. கோயிலுக்குத்தான் போகல, இங்கயாவது பாடலாம் வாங்க. எங்க அப்பா இந்த நாள்ல சாப்பிடறதுக்கு முன்னாடி புனிதரோட பாட்டை அவரே ஆரம்பிப்பாரு. பேருக்காரர்தான் ஆரம்பிக்கணும்பாரு. மூணு வருஷமாச்சு, நான் வீட்டுக்குப் போயி. ஆரம்பிங்க, நானும் சேந்துக்கறேன்."

அவன் சோதித்தானா, அல்லது நிஜமாகவே வீட்டு நினைப்பில் கேட்டானா, யாருக்கும் தெரியாது. அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. அந்தப் பெயருள்ளவன் எவனும் அந்தப் பாட்டைத் தூக்கத்தில்கூடப் பாடுவான். நிசிம் வாயைத் திறந்தான். மூடினான். திமியோஸ் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். அரெத்தி பாகுத் தட்டைத் துபாஷியின் பக்கம் நீட்டினாள்.

"பாட்டு வேறயா?"

எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் ஸ்மாரோ நின்றாள்.

தலை முதல் கால் வரை கறுப்பு. நாற்பது நாள் முடியாத விதவை படி தாண்டி வந்திருந்தாள். அதுவும் திருநாள் வீட்டுக்கு. ஒரு கிழவி பயத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்மாரோ யாரையும் பார்க்காமல் நேரே போய் அரெத்தியின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். சன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"வெக்கமில்ல உங்களுக்கு? என் வீட்டுல விளக்கு இன்னும் எரியுது. சுவத்துக்கு இந்தப் பக்கம் பாகு நக்கிக்கிட்டிருக்கீங்க. ரிசோஸோட உறவுக்காரன் வீட்டுல திருநாளா?"

அறை வாய்பிளந்து நின்றது. அவள் நிசிமிடம் திரும்பினாள். "அவங்கதான் மறந்துட்டாங்க. உனக்கு எங்க போச்சு புத்தி? அவருக்குக் குழி தோண்டின கை காயறதுக்குள்ள, வாழ்த்து வாங்க உக்காந்துட்டியா? கைய நீட்டு."

தன் தலைத்துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். நிசிமின் கை நீளவில்லை. கம்பளிக்குள் இறுக்கமாக இருந்தது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்த பார்வையை அரெத்தி மறக்கவே இல்லை. மாட்டேன் என்ற பார்வை அது. சாகிற நேரத்திலும் மாட்டேன் என்கிற பார்வை.

ஸ்மாரோ குனிந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். ஆனால் அது மூன்று பேருக்கு மட்டும்தான் புரிந்தது.

"இது ரிசோஸுக்கு. அவருக்கு மட்டுந்தான். வேற யாருக்கும் இல்ல. கேட்டுதா?"

நிசிமின் கை மெதுவாக வெளியே வந்தது. கறுப்புத் துணியை அவள் இறுக்கிக் கட்டினாள்.

துபாஷி கோப்பையைக் கீழே வைத்தான். "எப்படி உறவு?"

"அத்தை வழி" என்றாள் ஸ்மாரோ.

அதே நேரத்தில் பாண்டெலிஸ் உதவிக்கு வந்து, "ஞானஸ்நான வழி" என்று சொல்லித் தொலைத்தான்.

துபாஷி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தான்.

"ரெண்டுந்தான்" என்றாள் ஸ்மாரோ, கண் இமைக்காமல். "சின்ன ஊரு. இங்க யாரு யாருக்கு உறவு இல்ல? நீ கூட எங்கயாவது ஒரு வழியில எனக்கு மருமகனாத்தான் இருப்ப."

பாண்டெலிஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்க ஸ்மாரோ. புத்தி மழுங்கிப் போச்சு. புட்டியப் பாத்தா எனக்கு உறவெல்லாம் மறந்துடுது." தேநீர் கொண்டுவந்தவள், "ஆமா, நாங்கதான் யோசிச்சிருக்கணும்" என்றாள். இன்னொருத்தி, "குழி தோண்டினது அந்தப் பிள்ளைதான், நான் பாத்தேன்" என்றாள். அந்த அறையில் இருந்தவர்களுக்கு ரிசோஸின் வம்சம் நான்கு தலைமுறைக்குத் தெரியும். அதில் ஸ்பிரோஸ் என்று ஒருவன் இல்லை என்றும் தெரியும். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

சார்ஜெண்ட் என்னவென்று கேட்டார். துபாஷி அவர் மொழியில் ஏதோ சொன்னான். அவர் ஸ்மாரோவைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். அசடு வழிய நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். துபாஷி எழுந்தான். நிலைப்படியில் நின்று, நிசிமின் கையில் இருந்த துணியைப் பார்த்தான்.

"இருக்கறவங்களுக்கு ஆயுசு நீளட்டும்" என்றான். துக்க வீட்டில் சொல்கிற வார்த்தை அதுதான். போய்விட்டான்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, நிசிமின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் நாலு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"எப்ப தெரியும் அக்கா?" என்று அரெத்தி கேட்டாள்.

ஸ்மாரோ மேசையில் இருந்த பாகுத் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "ரிசோஸை இறக்கும்போது ஆம்பளைங்க எல்லாரும் தொப்பியை எடுத்தாங்க. இவன் எடுக்கல. மரியாதை தெரியாதவனா இருந்தா கொப்பளிச்ச கையோட குழி தோண்டியிருக்க மாட்டான். அப்ப, தொப்பியோட நிக்கறதுதான் இவங்க மதத்துல மரியாதைபோலன்னு நினைச்சேன். நான் பாக்கறத பாண்டெலிஸ் பாத்துட்டான். உடனே 'குளிருது'ன்னு சொல்லித் தன் தொப்பியை மாட்டிக்கிட்டான். இன்னும் ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. இவன் தனியாத் தெரியல."

திமியோஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"படி தாண்டிட்டீங்களே அக்கா" என்றாள் அரெத்தி. "பாவமில்லையா? பொய் வேற சொல்லிட்டோம்."

"ரிசோஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அந்த மனுஷன் கேட்டவங்களுக்கெல்லாம் கோடாலி இரவல் கொடுத்தாரு, திரும்பி வந்ததே இல்ல. அவர் சாவை இரவல் கொடுத்தா கோவிச்சுக்குவாரா?" அவள் எழுந்தாள். நிசிமைப் பார்த்தாள். "பொய்யா நிஜமான்னு இனி உன் கையில இருக்கு. கட்டிக்கிட்ட இல்ல? நாப்பது நாளு முடியறவரைக்கும் அவருக்குத் துக்கம் இரு. அப்புறம் அது எப்படிப் பொய்யாகும்?"

நிசிம் அப்படியே இருந்தான். தினமும் மாலையில் ஸ்மாரோவின் வீட்டுக்குப் போய், விளக்குக்கு எண்ணெய் விட்டு, ஒரு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தான். ரிசோஸைப் பற்றி அவள் சொல்வாள். கோடாலிக் கதைகள், கழுதை வாங்கி ஏமாந்த கதை. எஸ்தெரீனாவைப் பற்றியும் அவளுக்காக வைத்திருக்கும் டப்பாவைப் பற்றியும் அவன் சொல்வான். உயிரோடிருந்தபோது ஒரு வார்த்தைகூடப் பேசியிராத ஒரு மனிதருக்காக அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அன்பு இப்படியும் வரும் என்று அரெத்தி அதுவரை அறிந்ததில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் நிம்மதியாக இருந்தது: அந்த முக்காலியில் அவன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தான்.

நாற்பதாம் நாளுக்கு ஸ்மாரோவின் வீட்டில் கோதுமை அவித்தார்கள். செத்தவரின் நினைவாகக் கோயிலில் எல்லோருக்கும் ஒரு பிடி கொடுக்கும் கோதுமை அது. அதில் அக்ரூட் பருப்பு போடவேண்டும், ஸ்மாரோவிடம் இல்லை. அரெத்தி தன் வீட்டில் கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்தாள், கறுத்த பருப்புகள். நிசிம் ஓரக்கண்ணால் அரெத்தி வீட்டு மாடிப் பக்கம் பார்த்தான். அந்தத் தகர டப்பா அங்கே இருந்தது. எழப்போனான்.

"உக்காரு" என்றாள் ஸ்மாரோ. "இது போதும். அது அவளுக்கு வச்சது. அத இதுல கலக்காத."

கோயிலிலிருந்து திரும்பியதும் ஸ்மாரோ நிசிமின் கையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள். துணியைச் சுருட்டித் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

"முடிஞ்சுது. இப்ப உனக்கு யாருக்காகவும் துக்கம் இல்ல."

நிசிம் அவள் கைகளைக் குனிந்து முத்தமிட்டான். ஏதோ சொல்ல வந்தான். அந்நேரம் கீழே மலைப்பாதையில் கழுதைகளின் மணிச்சத்தம் கேட்டது. அவன் எழுந்து சன்னலுக்குப் போய்விட்டான். அரெத்தியும் போய் அவன் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஸ்மாரோவும் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் எஸ்தெரீனாவைப் பற்றி அவனிடம் யாரும் 'இருந்தாள்' என்று பேசியதில்லை. 'இருக்கிறாள்' என்றுதான் பேசினோம். அதற்கு மேல் எங்களிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை.